பிரெஸ்துப்லேனியே: ரஷ்ய மொழியில் ‘குற்றம்’ என்றால் ஏன் ‘தாண்டுதல்’? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய மொழி படிப்பவர்களும், ரஷ்ய நாவல்களைத் தமிழில் படிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். துண்டு துண்டாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். ரஷ்யச் சொற்களை அவர்கள் எழுதும் எழுத்தை ஒட்டித்தான் தந்திருக்கிறேன். பேச்சில் உயிரெழுத்துகள் கொஞ்சம் மாறி ஒலிக்கும்.

சொல்லுக்கு நேர் பொருள் என்ன?

‘பிரெ’ என்றால் குறுக்கே, அப்பால். ‘ஸ்துப்’ என்றால் காலடி வைப்பது. கடைசியில் வரும் ‘லேனியே’யில் உள்ள ‘ஏனியே’, வினையைப் பெயராக்கும் ஒட்டு. நம் ‘தல்’ மாதிரி. மூன்றையும் சேர்த்தால் ‘தாண்டி அடி வைத்தல்’. சட்டப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் இதற்கு இன்றைய பொருள் குற்றம்.

தமிழில் குற்றம் என்ற சொல்லுக்குள் குறை, மாசு என்ற பொருள் உண்டு. செய்யுளிலும் குற்றம் இருக்கலாம், சாப்பாட்டிலும் குற்றம் சொல்லலாம். நக்கீரர் சிவனின் பாட்டில் கண்டுபிடித்தாரே, அந்தக் குற்றத்தை ரஷ்யமொழியில் பிரெஸ்துப்லேனியே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே யாரும் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை.

‘ஸ்துப்’ நம்முடைய ஸ்தூபியா?

இல்லை. ஒலி ஒற்றுமையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரஷ்ய மொழியில் இன்று ‘உ’ என்று ஒலிக்கும் பல இடங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மூக்கொலி கலந்த ‘ஓ’ இருந்தது. ‘ஸ்தோம்ப்’ என்பதற்குக் கிட்டத்தட்ட ஒலித்திருக்கும். போலிஷ் மொழி அந்த மூக்கொலியை இன்னும் விடவில்லை. அங்கே குற்றத்துக்குச் சொல் ‘ப்ஷெஸ்தெம்ப்ஸ்த்வோ’. நடுவில் நிற்கும் அந்த ‘ம்’தான் சாட்சி. சமஸ்கிருத ஸ்தூபத்தில் அப்படி ஒரு மூக்கொலி இல்லை, பொருளும் ஒட்டாது.

உண்மையான உறவுக்காரர்களைத் தேடினால் ரஷ்யமொழிக்குள்ளேயே கிடைப்பார்கள். ‘ஸ்துப்பாத்’ என்றால் அடி வைப்பது, ‘ஸ்துப்பேன்’ படிக்கட்டின் ஒரு படி, ‘ஸ்துப்ன்யா’ பாதம்.

‘பெரெஸ்துப்பீத்’ என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அதுவும் தாண்டுவதுதானே?

இந்தச் சொல்லின் கதையே இங்கேதான் தொடங்குகிறது. ‘பெரெஸ்துப்பீத்’ என்றால் வாசற்படியைத் தாண்டுவது, தேங்கிய தண்ணீரைத் தாண்டுவது. ‘பிரெஸ்துப்பீத்’ என்றால் சட்டத்தை, சத்தியத்தை, கட்டளையைத் தாண்டுவது. இரண்டும் பிறப்பால் ஒரே சொல்தான், வந்த வழி மட்டும் வேறு.

பழைய ஸ்லாவிய மொழியின் சில ஒலிக்கூட்டங்களை கீழை ஸ்லாவியர்கள், அதாவது இன்றைய ரஷ்யர், உக்ரேனியர், பெலாரூசியரின் முன்னோர், நடுவில் ஒரு உயிரைச் சேர்த்து நீட்டினார்கள். தெற்கு ஸ்லாவியர்கள் நீட்டவில்லை. நமக்குப் பழக்கமான ஊர்ப் பெயர்களிலேயே இதைப் பார்க்கலாம். நோவ்கோரோட் என்பதில் வரும் ‘கோரோட்’ கீழை வடிவம். லெனின்கிராட் என்பதில் வரும் ‘கிராட்’ தெற்கு வடிவம். இரண்டுக்கும் நகரம் என்றே பொருள். ‘பெரெ’ வீட்டில் பிறந்த பிள்ளை, ‘பிரெ’ தெற்கேயிருந்து வந்த விருந்தாளி.

விருந்தாளி வந்தது வேத புத்தகத்தோடு. பல்கேரிய வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட திருச்சபை ஸ்லாவிய மொழி, 988-இல் கீவ் நாடு கிறிஸ்தவத்தை ஏற்ற பிறகு அங்கே வழிபாட்டு மொழியாக வேரூன்றியது. அதனால் ஒரு வேலைப் பிரிவினை உண்டானது. தரையில் நடக்கிற காரியத்துக்கு வீட்டுச் சொல், மனசாட்சியும் அதிகாரமும் சம்பந்தப்பட்டதற்குக் கோயில் சொல். ‘பெரெதாத்’ என்றால் கைமாற்றிக் கொடுப்பது. ‘பிரெதாத்’ என்றால் காட்டிக்கொடுப்பது. ‘வோலொஸ்த்’ என்றால் ஒரு சிறு நிர்வாக வட்டாரம். ‘வ்லாஸ்த்’ என்றால் அதிகாரம், ஆட்சி. தமிழில் ‘சோறு’ வீட்டிலும் ‘பிரசாதம்’ கோயிலிலும் இருப்பது நினைவுக்கு வரலாம். ஆனால் அவர்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதுதான் விசேஷம்.

அப்படியானால் இது கோயிலில் பிறந்த சொல்லா?

ஆமாம், அதுவும் மொழிபெயர்ப்பில் பிறந்தது. 863-இல் கிரில், மெதோடியஸ் என்ற சகோதரர்கள் மொராவியாவுக்குப் போய் ஸ்லாவிய மொழியில் வேதத்தைத் தரத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் ‘பராபாசிஸ்’ என்று ஒரு சொல்: ‘பரா’ அப்பால், ‘பாசிஸ்’ அடி வைத்தல். அதை அப்படியே உறுப்புக்கு உறுப்பு ஸ்லாவியத்தில் வார்த்தார்கள். வந்தது பிரெஸ்துப்லேனியே.

ரோமருக்கு எழுதிய நிருபம் 5-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தில் ஆதாம் செய்ததற்கு இந்தக் கிரேக்கச் சொல்தான் வருகிறது. ரஷ்ய வேதாகமம் அங்கே ‘ஆதாமின் பிரெஸ்துப்லேனியே’ என்கிறது. தமிழ்நாட்டு தேவாலயங்களில் படிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். ‘ஆதாமின் மீறுதல்’ என்று இருக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்களும் கோட்டைத் தாண்டும் அதே படிமத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: தமிழில் ‘மீறுதல்’ வேதாகமத்தோடு நின்றுகொண்டது, நீதிமன்றத்தில் ‘குற்றம்’ இருந்துவிட்டது. ரஷ்யாவில் கோயில் சொல்லே நீதிமன்றத்துக்குக் குடிபோய்விட்டது.

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் குற்றத்தை என்னவென்று சொன்னார்கள்?

‘ஒபீதா’ என்றார்கள். இன்றைய ரஷ்யமொழியில் ஒபீதா என்றால் மனத்தாங்கல். நண்பன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்றால் வருமே, அது. ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ‘ரூஸ்கயா பிராவ்தா’ என்ற சட்டத் தொகுப்பில் அது ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு. (பிராவ்தா என்றால் உண்மை என்று பத்திரிகைப் பெயர் வழியாக நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அதற்கு நீதி, சட்டம் என்ற பொருளும் இருந்தது.)

அந்தத் தொகுப்பைப் படித்தால் சட்டப் புத்தகம் மாதிரியே இருக்காது, விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். ஒருவனுடைய விரலை வெட்டினால் ஒபீதாவுக்கு 3 கிரிவ்னா (அன்றைய பண அலகு). மீசைக்குக் கேடு செய்தால் 12 கிரிவ்னா, தாடிக்கும் 12. விரலைவிட மீசை நாலு மடங்கு உசத்தி! சிரிப்பு வரும், ஆனால் தர்க்கம் தெளிவானது. அங்கே அளக்கப்படுவது அடிபட்டவனின் அவமானம். விரல் போனால் வலி, மீசை போனால் மானம்.

சுதந்திர மனிதனைக் கொன்றால் 40 கிரிவ்னா, இளவரசனின் ஆள் என்றால் 80. இந்தக் கொலைத் தண்டத்துக்குப் பெயர் ‘வீரா’. இது ஜெர்மானிய மொழிகளில் ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘வெர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பலருடைய கருத்து. அந்த ‘வெர்’ சமஸ்கிருத ‘வீர’வின் உடன்பிறப்பு, அதிலிருந்துதான் நம் வீரன். ஆகக் கொலையாளி கட்டிய பணத்துக்கும் நம் ஊர் எல்லையில் நிற்கும் மதுரை வீரனுக்கும் தூரத்து உறவு இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஒபீதாவில் பாதிக்கப்பட்டவர் நடுவில் நிற்கிறார். யாருக்கு வலித்தது என்பதுதான் முதல் கேள்வி. பிரெஸ்துப்லேனியேவில் நடுவில் நிற்பது ஒரு கோடு. யாருக்கு வலித்தது என்பது சொல்லுக்குள்ளேயே இல்லை. என் கணக்கில் இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே பெரிய மாற்றம் இந்த இடமாற்றம்தான். மற்றதெல்லாம் இலக்கணம்.

கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் சொல் எங்கே இருந்தது?

இளவரசர்களின் சண்டைகளில். அந்த நாட்களில் ஒப்பந்தம் என்றால் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்வது. வாக்கு மீறினால் ‘சிலுவையைத் தாண்டினான்’ என்று, ஆண்டுவாரியாக நாட்டு வரலாற்றைப் பதிவுசெய்த துறவிகள் எழுதினார்கள்.

1067-இல் நடந்தது நல்ல உதாரணம். கீவின் இஸ்யஸ்லாவும் அவன் தம்பிகள் ஸ்வியாதஸ்லாவ், வ்செவோலதும் தங்கள் எதிரியான போலத்ஸ்க் இளவரசன் வ்செஸ்லாவுக்குச் சிலுவையை முத்தமிட்டு, “எங்களிடம் வா, தீங்கு செய்ய மாட்டோம்” என்று ஆள் அனுப்பினார்கள். சத்தியத்தை நம்பி அவன் படகில் ஏறி தினீப்பர் ஆற்றைத் தாண்டி வந்தான். கூடாரத்துக்குள் நுழையும்போதே பிடித்தார்கள். இரண்டு மகன்களோடு கீவுக்குக் கொண்டுபோய் நிலவறையில் அடைத்தார்கள். மறுவருடம் கீவ் மக்கள் கலகம் செய்து அவனை வெளியே கொண்டுவந்து அரியணையிலேயே ஏற்றினார்கள். சிலுவையின் வல்லமையைக் கடவுள் காட்டினார் என்று துறவி அதற்கு விளக்கம் எழுதுகிறார்.

அந்தப் பழைய பத்தியில் மொழி ஒரு வேடிக்கை செய்கிறது. வ்செஸ்லாவ் ஆற்றைத் தாண்டியதற்கு ‘பெரெ’ என்ற வீட்டு முன்னொட்டு வருகிறது. மூன்று சகோதரர்கள் சிலுவையைத் தாண்டியதற்கு ‘பிரெ’ என்ற கோயில் முன்னொட்டு வருகிறது. நான்கைந்து வரிகளுக்குள் இரண்டு தாண்டல்கள், இரண்டு மொழிகள். எழுதியவர் யோசித்துச் செய்தாரா, கைப்பழக்கமா என்று கேட்டால் கைப்பழக்கம் என்றே சொல்வேன். அதனால்தான் அதை நம்பவும் செய்யலாம்.

பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு இன்றைக்கும் ‘க்லியாத்வொபிரெஸ்தூப்னிக்’ என்று ஒரு நீளமான சொல் உண்டு. சத்தியத்தைத் தாண்டியவன்.

சட்டச் சொல்லாக எப்போது மாறியது?

வெகு காலம் மாறவேயில்லை. மாஸ்கோ அரசு வளர்ந்தபோது, மூன்றாம் இவானின் 1497-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், ‘லிஹோயே தேலோ’ என்ற சொல் முன்னுக்கு வந்தது. கெட்ட காரியம் என்று பொருள். ஒருவன் ‘ஊரறிந்த கெட்டவன்’ என்று பேர் எடுத்துவிட்டால் அவனுக்கு மரணம்தான்.

17-ஆம் நூற்றாண்டில் ‘வொரோவ்ஸ்த்வோ’ என்ற சொல் கொடிகட்டிப் பறந்தது. இன்று அகராதியில் பார்த்தால் திருட்டு என்று இருக்கும். அன்று அது எல்லாவகைக் கெடுதலுக்கும், முக்கியமாகத் துரோகத்துக்கும், பொதுப்பெயர். திருட்டுக்கு ‘தாத்பா’ என்று தனிச்சொல் இருந்தது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் துஷினோ என்ற இடத்தில் 1608 முதல் முகாமிட்டு, நான்தான் இளவரசன் திமீத்ரி என்று சொல்லிக்கொண்ட போலி ஒருவனை வரலாறு ‘துஷினோ வோர்’ என்கிறது. இதைச் சிலர் ‘துஷினோ திருடன்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அவன் யார் வீட்டிலும் கன்னம் வைக்கவில்லை. அரியணைக்கு ஆசைப்பட்ட ராஜத்துரோகி என்பதுதான் அங்கே பொருள். 967 பிரிவுகள் கொண்ட 1649-ஆம் ஆண்டுச் சட்டக்கோவையிலும் இந்தச் சொல் இப்படி விரிந்த பொருளில் வரும்.

பிரெஸ்துப்லேனியே சட்டத்தின் பொதுச்சொல்லாக நிலைபெறத் தொடங்கியது முதலாம் பீட்டர் காலத்தில். 1715-இல் வந்த அவருடைய ராணுவச் சட்டவிதிகளைத்தான் எல்லோரும் சுட்டுவார்கள். காரணமும் புரிகிறது. பீட்டருக்குக் குற்றம் என்றால் அரசன் எழுதிவைத்ததை மீறுவது. யாருக்காவது வலித்ததா, ஆள் கெட்டவனா என்பதெல்லாம் பிறகு. ‘கெட்ட காரியம்’ என்ற சொல்லில் கட்டளையின் வாடை இல்லை. கடவுளின் கட்டளைக்கு ஏற்கெனவே பழகியிருந்த சொல்லை ஜார் தன் கட்டளைக்கு எடுத்துக்கொண்டார். திருச்சபைத் தலைவர் பதவியை நிரப்பாமல் விட்டு, 1721-இல் சபையையே ஓர் அரசு நிர்வாகக் குழுவின் கீழ் கொண்டுவந்தவரும் இதே பீட்டர்தான். சொல்லையும் சபையையும் ஒரே கையால் எடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

குற்றவியல் சட்டத்தை ‘உகொலோவ்னிய்’ சட்டம் என்கிறார்களே, அது எங்கிருந்து?

‘கொலொவா’ என்றால் தலை. பழைய ரஷ்யச் சட்டமொழியில் கொலையுண்டவனையே ‘தலை’ என்றார்கள், கொன்றவனை ‘கொலொவ்னிக்’ என்றார்கள். முதலில் கொலை வழக்குக்கு மட்டும் இருந்தது பிறகு குற்ற வழக்குகள் எல்லாவற்றுக்கும் பரவியது. லத்தீனிலும் மரண தண்டனைச் சொல் தலையை வைத்தே வருகிறது. நாமும் ‘தலை போகிற காரியமா?’ என்றுதானே கேட்கிறோம்.

பொஸ்தூப்பொக், புரொஸ்தூப்பொக், பிரெஸ்துப்லேனியே: மூன்றும் ஒரே குடும்பமா?

ஒரே கால், மூன்று அடிகள். பொஸ்தூப்பொக் என்றால் ஒருவர் செய்த செயல், நல்லதும் ஆகலாம், கெட்டதும் ஆகலாம். புரொஸ்தூப்பொக் என்றால் தவறிய அடி, சிறு பிழை. பிரெஸ்துப்லேனியே என்றால் கோட்டுக்கு அப்பால் வைத்த அடி.

சட்டம் இந்த நெருக்கத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 1845-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பெரிய குற்றத்தையும் சிறு பிழையையும் பிரெஸ்துப்லேனியே, புரொஸ்தூப்பொக் என்று பிரித்தது. 1903-இல் வந்த சட்டக்கோவை அதையே மூன்று படிகளாக்கியது. சோவியத் காலத்தில் தண்டனைச் சட்டத்திலிருந்து புரொஸ்தூப்பொக் வெளியேறிவிட்டது. இன்று அலுவலகத்துக்குத் தாமதமாக வருவது, வராமலே இருப்பது போன்ற ஒழுங்கு மீறல்களுக்குத் தொழிலாளர் சட்டத்தில் பயன்படுகிறது. ‘குற்றவியல் புரொஸ்தூப்பொக்’ என்று ஒரு சிறு குற்ற வகையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2017-இல் யோசனை சொன்னது. கஜகஸ்தான் அதற்கு முன்பே, 2014-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் அப்படி ஒரு வகையைச் சேர்த்துவிட்டது.

இந்தக் குடும்பம் குற்றத்தோடு நிற்பதில்லை. சட்டம் அமலுக்கு வருவதை ‘வலுவுக்குள் அடி வைக்கிறது’ என்கிறார்கள். வாரிசு சொத்துக்குள் அடி வைக்கிறார். கடன் கேட்கும் உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது ‘உஸ்தூப்கா’, விலகி அடி வைத்தல். பஸ்ஸில் பெரியவருக்கு இடம் விட்டுக்கொடுப்பதற்கும் இதே குடும்பத்து வினைதான். ரஷ்யச் சட்டமொழி முழுக்க ஒரே நடை!

இன்றைய சட்டம் குற்றத்தை எப்படி வரையறுக்கிறது? தாண்டுதல் அங்கே இருக்கிறதா?

பெயரில் மட்டும்தான் இருக்கிறது. 1997 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைச் சுருக்கினால் நான்கு விஷயங்கள் வரும். சமூகத்துக்கு ஆபத்தான செயலாக இருக்க வேண்டும். அதைச் செய்ததில் அவர் பக்கம் பழி இருக்க வேண்டும். இந்தச் சட்டக்கோவை அதைத் தடைசெய்திருக்க வேண்டும். தடைக்குப் பின்னால் தண்டனை இருக்க வேண்டும்.

‘சமூகத்துக்கு ஆபத்து’ என்பது சோவியத் காலச் சொத்து. 1922, 1926 சட்டக்கோவைகள் அதையே அடிப்படையாக வைத்தன. அதோடு, ஒரு செயல் சட்டத்தில் நேரடியாக இல்லாவிட்டாலும், அதற்கு நெருக்கமான பிரிவை ஒப்புமையாக வைத்துத் தண்டிக்கலாம் என்றும் சொன்னன. யோசித்துப் பாருங்கள்: சொல் ‘கோட்டைத் தாண்டியவன்’ என்கிறது, ஆனால் கோடு வரையப்படவேயில்லை. ஆள் நின்ற இடத்துக்குப் பின்னால் பிறகு வந்து கோடு போடுகிறார்கள். இந்த ஒப்புமை விதியை 1958-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் நீக்கியது. ஒரு சொல்லின் வேர் அந்த நாட்டுச் சட்டத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தஸ்தயேவ்ஸ்கி நாவலின் தலைப்பில் இந்தப் பொருள் தெரியுமா?

ரஷ்யக் காதுக்குத் தெரியும். 1866-இல் ‘ரூஸ்கி வேஸ்த்னிக்’ இதழில் தொடராக வந்த அந்த நாவல் தமிழில் ‘குற்றமும் தண்டனையும்’. தமிழ்த் தலைப்பு சரிதான், வேறு வழியில்லை. ஆனால் கதாநாயகன் ரஸ்கோல்னிகவ் தன்னைத்தானே தின்றுகொள்ளும் ஓர் இடத்தில், நான் கொன்றது மனிதரையல்ல, கொள்கையை. ஆனால் தாண்டினேனா என்றால் தாண்டவில்லை, இந்தப் பக்கமே தங்கிவிட்டேன் என்று பொருள்படப் புலம்புவான். அங்கே அவன் சொல்வது ‘பெரெஸ்துப்பீத்’, வாசற்படியைத் தாண்டும் அந்த வீட்டுச் சொல். தலைப்பில் கோயில் சொல், அவன் வாயில் வீட்டுச் சொல். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் வாசகருக்கு, குற்றம் செய்தும் தாண்ட முடியாமல் போனவனின் அவஸ்தை ஒரே சொல்லில் விழும். தமிழில் படிக்கும்போது அந்த இடத்தில் ‘தாண்டுதல்’ எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் திகைப்பாக இருக்கும். இதுதான் காரணம்.

தலைப்பின் மறுபாதி, ‘நகஸானியே’?

அது இன்னும் சுவாரஸ்யம். ‘கஸாத்’ என்றால் காட்டுவது, பழைய மொழியில் சொல்வதும்கூட. ‘நகஸானியே’ முதலில் தண்டனையே அல்ல, அறிவுரை, புத்திமதி. பிள்ளைக்குச் சொல்லும் புத்தி பிரம்போடு சேர்ந்துகொண்டதும் தண்டனை ஆகிவிட்டது. நம் வீடுகளிலும் “ரெண்டு போட்டுப் புத்தி சொல்லு” என்பார்களே, அதே பாதை. பழைய பொருள் முழுக்கச் சாகவில்லை. இரண்டாம் கேத்தரின் 1767-இல் சட்டம் இயற்றும் குழுவுக்கு எழுதிக் கொடுத்த வழிகாட்டுக் குறிப்புக்குப் பெயர் ‘நகாஸ்’.

இந்தக் ‘கஸ்’ குடும்பம் நீதிமன்றம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. ‘உகாஸ்’ என்றால் ஆட்சியாளரின் ஆணை, ‘பிரிகாஸ்’ உத்தரவு, ‘பொகஸானியே’ சாட்சி வாக்குமூலம், ‘தொகஸாதெல்ஸ்த்வோ’ ஆதாரம். எல்லாமே ஏதோ ஒன்றைக் காட்டுவதுதான். குற்றவாளி நடக்கிறான், நீதிமன்றம் காட்டுகிறது. (இதை யாரும் சட்டக் கல்லூரித் தேர்வில் எழுதிவிட வேண்டாம்.)

மற்ற ஸ்லாவிய மொழிகளிலும் குற்றம் என்றால் தாண்டுதலா?

எல்லாவற்றிலும் இல்லை. போலிஷிலும் பல்கேரியத்திலும் உண்டு. உக்ரேனிய மொழியில் ‘ஸ்லோசின்’, தீச்செயல். செக் மொழியிலும் அதே போன்ற சொல்தான். ஆனால் செக்கில் தாண்டுதல் வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘ப்ர்ஷெஸ்துப்பெக்’ என்றால் சிறு விதிமீறல். வண்டியை வேகமாக ஓட்டி அபராதம் கட்டுவதெல்லாம் இதில் வரும். ரஷ்யாவில் ஜெயிலுக்கு அனுப்பும் அதே காலடி, பிராகில் அபராதச் சீட்டோடு முடிகிறது.

எனக்கு மிகப் பிடித்தது லீப் வருடம். போலிஷிலும் செக்கிலும் செர்பியத்திலும் லீப் வருடத்தைத் ‘தாண்டும் வருடம்’ என்கிறார்கள், இதே வேர்ச்சொல்லை வைத்து. போலிஷில் லீப் வருடத்துக்கு வரும் அந்த அடைமொழியே ‘குற்றமான செயல்’ என்ற சட்டத் தொடரிலும் வரும். ரஷ்யர்களோ லீப் வருடத்துக்கு கிரேக்கம் வழியாக வந்த லத்தீன் சொல்லை வைத்துக்கொண்டதால் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பினார்கள்.

பிரெ, பிரி இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது. என் காதில் கோளாறா?

இல்லை. அழுத்தம் விழாத இடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். ‘பிரிஸ்துப்பீத்’ என்றால் வேலையைத் தொடங்குவது, ‘பிரெஸ்துப்பீத்’ என்றால் சட்டத்தை மீறுவது. ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகளே இந்த ஓர் எழுத்தில்தான் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

தமிழில் இதற்கு ஒத்த சொல் இல்லவே இல்லையா?

இருக்கிறது, ஆனால் கலைந்து கிடக்கிறது. ‘வரம்பு மீறல்’ வயல் வரப்பிலிருந்து வந்தது. ‘அத்துமீறல்’ என்பதில் வரும் அத்து எல்லையைக் குறிக்கும், உருது வழியாக வந்தது என்பார்கள். சட்டத் தமிழில் அடுத்தவர் இடத்துக்குள் நுழைவதற்கு இதுதான் சொல். வடமொழி ‘அதிக்கிரமம்’ கிரேக்கச் சொல்லுக்கு அச்சு அசல் இரட்டை: அதி அப்பால், கிரமம் அடி வைத்தல். நாம் வாய் நிறையச் சொல்லும் ‘அக்கிரமம்’ அதன் பக்கத்து வீடு; கிரமம் இல்லாதது. ஆகவே ‘தாண்டுதல்’ ரஷ்ய ஆன்மாவின் ரகசியம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கால் உள்ள எல்லோருக்கும் இந்தப் படிமம் தோன்றும்.

குற்றவாளியை என்னவென்று அழைப்பார்கள்?

சட்டத்தில் ‘பிரெஸ்தூப்னிக்’, தாண்டியவன். ஆனால் 19-ஆம் நூற்றாண்டுக் கிராமத்து ஜனங்களிடம் வேறு சொல் இருந்தது. சைபீரியாவுக்குச் சங்கிலியோடு நடத்திக்கொண்டு போகப்பட்ட கைதிகளை அவர்கள் ‘நெஷாஸ்னியே’ என்றார்கள். பாவப்பட்டவர்கள், கொடுத்துவைக்காதவர்கள் என்று அர்த்தம். வழியில் நின்று ரொட்டியும் செப்புக்காசும் கையில் திணிப்பார்கள். என்ன செய்துவிட்டு வந்தான் என்று கேட்பதில்லை. நான்கு வருடம் ஓம்ஸ்க் சிறையில் இருந்த தஸ்தயேவ்ஸ்கி அந்தக் காசை வாங்கியவர்களில் ஒருவர்.